விடியற்காலைக் குழப்பமும் கணையத்தில் 11 மில்லிமீட்டர் கட்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் பெயர் இன்சுலினோமா, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் சிறு கட்டி. அபூர்வமானது, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு வருவது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழியில் நாங்கள் தடுமாறிய இடங்கள் எந்த மருத்துவமனையிலும் எந்த நாளும் வரக்கூடியவை. அதனால்தான் எழுதத் தோன்றியது.

பின்னணி

அவருக்கு நாற்பதுக்குச் சற்று மேல் வயது. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பீடி சுற்றுகிறார். கணவர் கேரளத்தில் கட்டட வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் மாமியாரும் கல்லூரியில் படிக்கும் மகளும் உண்டு.

தொந்தரவு முதலில் தெரிந்தது பீடிக் கடையில். கட்டுக்கு 25 இருக்க வேண்டிய இடத்தில் 22 இருக்கும், சிலதில் 28 இருக்கும். கடைக்காரர் கழித்துப்போட்டார். அப்படி எண்ணிக்கை பிசகியவை எல்லாம் விடியற்காலையில் எழுந்து சுற்றியவை. மத்தியானம் சுற்றியதில் ஒரு பிழையும் இல்லை. அப்புறம் விடியற்காலையில் பேச்சு குழறத் தொடங்கியது. கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பார், பதில் வராது. சேலை நனையும் அளவுக்கு வேர்த்திருக்கும். ஒரு நாள் வாசல் தெளிக்கப் போனவர் வாளியோடு அடுத்த தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருடம் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு விரதம் இருந்தார். மதியக் கொடை நேரத்தில் கண் செருகி, உடல் ஆடி, கீழே விழுந்தார். அருள் வந்திருக்கிறது என்று சுற்றி இருந்தவர்கள் திருநீறு பூசினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு பார்த்த மருத்துவர்களாகிய நாங்களும் பல மாதம் சரியாகச் சொல்லவில்லை.

ஒரு மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், குறை எதுவும் இல்லை. மூளையின் மின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யிலும் தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. வலிப்பு என்று முடிவுசெய்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். சர்க்கரையும் பார்த்திருந்தார்கள். பகல் 11 மணிக்கு, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு, 96 மில்லிகிராம். சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது.

ஒன்றரை வருடம் இப்படிப் போன பிறகு, மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க என்னிடம் வந்தார். நானும் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அந்த ஒன்றரை வருடத்தில் அவருக்கு 11 கிலோ எடை கூடியிருந்தது. அதைக் குறித்துவைத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

மகள் சொன்னது

மூன்று வாரம் கழித்து மகளோடு வந்தார். மாத்திரையைக் கூட்டியும் குறையவில்லை, வாரத்துக்கு நான்கு நாள் வருகிறது. எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்படித் தெளிகிறது என்று இந்த முறை உட்கார்ந்து கேட்டேன். மகள் சாதாரணமாகச் சொன்னாள்: “எப்பவுமே விடியக்காலத்துலதான் சார். கருப்பட்டிக் காப்பி குடுத்தா பத்து நிமிசத்துல தெளிஞ்சிருதாவ.”

வலிப்பு காப்பியில் தெளியாது. ராத்திரி எழுந்து ஏதாவது சாப்பிடுவாரா என்று கேட்டேன். நடு ராத்திரியில் பழைய சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டால் காலையில் வருவதில்லை என்று அவரே பழகிக்கொண்டிருந்தார். எடை கூடியதற்குக் காரணம் அதுதான். நோய்க்குப் பெயர் தெரியாமலே அந்த வீட்டில் அதற்கு மருந்து கண்டுபிடித்துவைத்திருந்தார்கள்.

மருத்துவமனையின் குளுக்கோமீட்டரை மகளிடம் கொடுத்து, குழப்பம் வரும்போது காப்பி கொடுப்பதற்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். பார்த்த உடனே காப்பி கொடுக்க வேண்டும், எனக்குப் போன் செய்வதற்காகக் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னேன். இரண்டாம் நாள் காலை 5 மணிக்கு அவள் அனுப்பிய படத்தில் 38 என்று இருந்தது. காப்பி குடித்துக் கால் மணி நேரத்தில் 81, பேச்சும் தெளிவு.

சர்க்கரை குறைந்ததற்கான அறிகுறி, அந்த நேரத்தில் ரத்தத்தில் உண்மையிலேயே குறைவு, சர்க்கரை கொடுத்ததும் தெளிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் விப்பிள் முக்கூறு என்பார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் வகுத்தது.

இன்சுலின் எங்கிருந்து வருகிறது?

நீரிழிவு இல்லாத ஒருவருக்குச் சர்க்கரை இவ்வளவு இறங்கினால் முதலில் மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். மாமியாருக்கு நீரிழிவு உண்டு. அவர் சாப்பிடும் மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. இரண்டு பேருடைய மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருந்தன. கேட்டதும் மாமியாருக்குச் சுருக்கென்றது: “எம் மாத்திரையை அவ எதுக்கு ஐயா திங்கப் போறா?” தெரியாமல் மாறிப் போயிருக்கலாம் என்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று விளக்கினேன். அட்டைகளை எண்ணிப் பார்த்தோம், கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, வெளியிலிருந்து எந்த மாத்திரையும் வராமல் இரண்டு நாள் வைத்திருந்து, அதற்குப் பிறகே கண்காணிப்பில் பட்டினிப் பரிசோதனையைத் தொடங்கினார்கள்.

இந்தப் பரிசோதனை 72 மணி நேரம் வரை போகலாம். இவருக்கு 14 மணி நேரமே தாங்கியது. குழப்பம் வந்ததும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 41. அந்த அளவில் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோயூனிட்டுக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும், இவருக்கு 19. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடு என்ற துணுக்கும் கூடுதல், 2.6. வெளியிலிருந்து இன்சுலின் ஊசி போட்டிருந்தால் சி-பெப்டைடு குறைந்திருக்கும். இரண்டும் கூடியிருப்பதால் இன்சுலின் இவருடைய கணையத்திலிருந்தே வருகிறது. இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியும் இல்லை. மிச்சம் இருந்தது இன்சுலினோமா, அதாவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் சிறு கட்டி. இவற்றில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்லாதவை, பெரும்பாலும் ஒன்றே ஒன்று இருக்கும், 2 சென்டிமீட்டருக்கும் சிறியது. எடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும்.

எடுப்பதற்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்ததில்

வயிற்று அல்ட்ராசவுண்டில், குடல் வாயு மறைத்ததால் கணையம் முழுதாகத் தெரியவில்லை என்று வந்தது. கணையம் வயிற்றின் அடி ஆழத்தில், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. ஒலியலைக்கு வாயு ஒரு சுவர் மாதிரி. எடை கூடியவர்களுக்கு இன்னும் சிரமம். அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனில் கணையத்தில் குறை இல்லை என்று அறிக்கை வந்தது.

இந்த இடத்தில் மூன்று யோசனைகள் இருந்தன. அறுவை மருத்துவர் ஒருவர், நேரடியாக வயிற்றைத் திறந்து கையால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். கணவருக்கும் போனில் அதே எண்ணம்: “வயித்தத் திறந்து பாத்துட்டா முடிஞ்சிரும்லா சார்?” அந்தக் காலத்தில் அப்படிச் செய்ததுண்டு. கையில் தட்டுப்படாவிட்டால், கணையத்தின் வால் பக்கத்தில் இருக்கும் என்ற ஊகத்தில் பாதிக் கணையத்தை வெட்டி எடுத்ததும் உண்டு. ஊகம் தவறினால் கட்டி உள்ளேயே இருக்கும், சுகமான பாதி போய்விடும், பிறகு நீரிழிவு வரவும் வாய்ப்பு கூடும். இன்று அதற்கு அவசியம் இல்லை. இரண்டாவது, ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் செலுத்தி எந்தப் பகுதியிலிருந்து இன்சுலின் பொங்குகிறது என்று பார்ப்பது. அது மற்ற வழிகள் பயன்படாதபோது மட்டும். மூன்றாவது, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட்.

கடைசியாகச் சொன்னதைத்தான் தேர்ந்தெடுத்தோம். இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியிலேயே ஒரு சிறு அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். அதை வாய் வழியாக இறக்கினால், இரைப்பையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கணையத்தின் உடலும் வாலும். முன்சிறுகுடலுக்குள் திரும்பினால் கணையத்தின் தலை. தொப்பையும் வாயுவும் குறுக்கே வராது. தூரம் குறைவதால் கூடுதல் அலைவரிசையைப் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து வயிற்றைப் பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் என்றால், உள்ளிருந்து 5 முதல் 12 வரை. அலைவரிசை கூடக் கூட ஆழம் குறையும், படம் நுணுக்கமாகும். சில மில்லிமீட்டர் கட்டிகூடத் தெரியும். வெளி அல்ட்ராசவுண்டிலும் சி.டி.யிலும் ஒன்றும் தெரியாத 37 பேரைப் பற்றி 1992-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுக்கு இருந்த 39 கணையக் கட்டிகளில் 32-ஐ இந்த முறை சரியான இடத்தில் காட்டியது. நாளமில்லாச் சுரப்பு சார்ந்த சின்னக் கணையக் கட்டிகளுக்கு இந்தப் பரிசோதனை நிலைபெற அந்த ஆய்வு பெரிய காரணம்.

முதல் முயற்சி

மதுரையில் ஒரு மருத்துவமனையில் காலை 8 மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன். பரிந்துரைக் கடிதத்தில் நோய் விவரம் எல்லாம் எழுதினேன். ராத்திரி 10 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது இந்தப் பரிசோதனைக்கு வழக்கமான அறிவுரை. அதையும் சொல்லி அனுப்பினேன்.

பட்டினியே நோயாக இருக்கும் ஒருவரைப் பட்டினியோடு 160 கிலோமீட்டருக்கு மேல் பயணம் அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. விடியற்காலை 3 மணிக்கு ஆலங்குளத்தில் கார் ஏறினார்கள். அங்கே போனால் அவசர நோயாளிகள் இருவர், வரிசை தள்ளிப்போனது. காலை 9 மணிக்குக் காத்திருக்கும் நாற்காலியில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். களைத்துப்போய் இருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மகளுக்கு மட்டும் அந்தப் பார்வை தெரியும். குத்திப் பார்த்தாள், 31. பையில் இருந்த கருப்பட்டியை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டே செவிலியரைக் கூப்பிட்டாள். குளுக்கோஸ் ஏற்றி அரை மணி நேரத்தில் தெளிந்தார். சாப்பிட்டுவிட்டதால் பரிசோதனை அன்று நடக்கவில்லை. கார் வாடகையும் ஒரு நாள் கூலியும் போயின.

அங்கே இருந்தவர்கள்மேல் பழி போட முடியாது. சர்க்கரை இறங்கும் என்று என் கடிதத்தில் இருந்தது, ஆனால் ஐந்தாவது பத்தியில் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப்படவே இல்லை. அன்று மகள் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

இரண்டாம் முறை

பத்து நாள் தள்ளி மறுபடி நேரம் கிடைத்தது. இடைப்பட்ட நாட்களில் ராத்திரி 2 மணிக்கு மகள் அலாரம் வைத்து எழுப்பி, உளுந்தங்களியோ கேப்பைக் கூழோ கொடுத்தாள். சர்க்கரை இறங்காமல் பிடித்துவைக்கும் டயசாக்ஸைடு மாத்திரை எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை. நல்லவேளை, களியே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

இந்த முறை முதல் நாள் மாலையே அங்கே சேர்த்துவிட்டோம். ராத்திரி முழுக்க 10 சதவீத குளுக்கோஸ் ஏறியது, மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்தார்கள். காலையில் முதல் ஆளாக உள்ளே கூட்டிப்போனார்கள். மயக்க மருந்து கொடுத்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்துக் குழாயை இறக்கினார்கள். மயக்கத்தில் குழப்பம் தெரியாது, வேர்ப்பதையும் கவனிக்க முடியாமல் போகலாம் என்பதால் நடுவிலும் இரண்டு தடவை சர்க்கரை பார்த்தார்கள்.

நானும் அனுமதி வாங்கி அறைக்குள் நின்றேன். மண்ணீரல் சிரையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கணையத்தின் உடலையும் வாலையும் மெதுவாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கழுத்துப் பகுதியிலும் இல்லை. குழாயை முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பின்னால் இழுத்துவரும்போது, தலையின் அடியில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும் இடத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றியுள்ள கணையத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு, விளிம்பு தெளிவு, டாப்ளரில் ரத்த ஓட்டம் அதிகம். 11-க்கு 9 மில்லிமீட்டர். கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தப் பருப்புதான் ஒன்றரை வருடம் ஒரு குடும்பத்தைத் தூங்கவிடவில்லை.

கட்டியைக் கண்டதோடு நிறுத்தாமல் இரண்டு தூரங்களை அளந்தார்கள். முக்கியக் கணையக் குழாயிலிருந்து 4 மில்லிமீட்டர், மேல் குடற்சிரையிலிருந்து 6. இந்த முதல் எண்தான் சிகிச்சையை முடிவுசெய்தது. குழாயிலிருந்து 2, 3 மில்லிமீட்டராவது இடைவெளி இருந்தால் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாம். ஒட்டியிருந்தால், தலைப் பகுதியில் அது, கணையத்தின் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்தே எடுக்கும் விப்பிள் அறுவைச் சிகிச்சை என்ற மிகப் பெரிய வேலையாக முடியும்.

பிறகு அதே பழைய சி.டி. படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தோம். இருக்கும் இடம் தெரிந்த பிறகு, மங்கலான ஒரு புள்ளி கண்ணில் பட்டது. இன்சுலினோமா ரத்த ஓட்டம் மிகுந்தது என்பதால், சாய மருந்து தமனிகளில் இருக்கும் முதல் அரை நிமிடத்தை ஒட்டி எடுத்த படத்தில்தான் பளிச்சென்று தெரியும். எங்கள் ஸ்கேன் பிந்திய கட்டத்தில் மட்டும் எடுக்கப்பட்டது. என்ன தேடுகிறோம் என்று சீட்டில் நான் எழுதவில்லை. ‘வயிற்று சி.டி.’ என்று மட்டும் எழுதியிருந்தேன்.

ஊசி போடுவதா?

இந்தக் கருவியில், பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தித் திசு எடுக்கும் வசதி உண்டு. கணையப் புற்றுநோய் சந்தேகத்திலும், புற்றுநோய் மாதிரியே தோற்றம் காட்டும் காசநோயிலும் அதுதான் முடிவைச் சொல்லும். நம் ஊரில் அது பலரைத் தேவையில்லாத பெரிய அறுவையிலிருந்து காப்பாற்றக்கூடியது. ஆனால் இவருக்கு வேண்டாம் என்று எண்டோஸ்கோப்பி மருத்துவர் முடிவுசெய்தார். ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே நோயை உறுதிசெய்துவிட்டது, படமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஊசியால் சிலருக்குக் கணைய அழற்சி வரும். வந்தால் தோண்டி எடுக்க வேண்டிய இடம் வீங்கிக் குழம்பிவிடும். முடிவை மாற்றாத ஒரு தகவலுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வெளியே வந்ததும் மாமியார் கேட்டது ஒரே கேள்வி: “கேன்சரா ஐயா?” பெரும்பாலும் இல்லை, எடுத்த கட்டியைச் சோதித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறுவைச் சிகிச்சை

மூன்று வாரம் கழித்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் 1929-ல் கனடாவின் டொரோண்டோவில் ராஸ்கோ கிரகாம். அவருக்கு முன்கூட்டி இடம் காட்ட எந்தக் கருவியும் இல்லை. எங்கள் அறுவை மருத்துவர் எண்டோஸ்கோப்பிப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டார். வயிற்றைத் திறந்து, கணையத்தின்மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து இடத்தை மறுபடி உறுதிசெய்து, கட்டியை மட்டும் தோண்டி எடுத்தார். குளுக்கோஸை நிறுத்தியிருந்தும் அரை மணி நேரத்தில் சர்க்கரை 72-லிருந்து 128-க்கு ஏறியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் வடிகுழாய் நீரில் கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி அதிகமாக இருந்தது, கணைய நீர் கசிகிறது என்று அர்த்தம். காய்ச்சல் இல்லை, சாப்பிட முடிந்தது. குழாயை அப்படியே விட்டுவைத்து 12-ம் நாள் எடுத்தார்கள். ஒரு வாரம் சர்க்கரை 180, 200 என்று போனது. கட்டியால் இத்தனை காலம் அடங்கிக் கிடந்த மற்ற செல்கள் விழிக்க நேரம் வேண்டும், தானாகச் சரியாகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் குடும்பம் பயப்படவில்லை. திசு அறிக்கையில் முதல் தர நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றி மெதுவாக வளரும் வகை, விளிம்புகளில் மிச்சம் இல்லை. கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் இயல்பாக இருந்ததால் பரம்பரை வகைக்கான அறிகுறி தெரியவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

வலிப்பு, குழப்பம், மயக்கம் என்று யார் வந்தாலும், அது நடக்கும் நேரத்தில் சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்கிறேன். பகல் 11 மணிக்குப் பார்த்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் மருத்துவமனையில் கடனாகக் கொடுக்க என்றே மூன்று குளுக்கோமீட்டர்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.

பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரியைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: பட்டினி ஆகாது, முதல் நாளே சேர்க்கவும், குளுக்கோஸ் ஏற்றவும், வரிசையில் முதலில் எடுக்கவும். ஸ்கேன் சீட்டில் என்ன தேடுகிறோம், எந்தக் கட்டத்தில் படம் வேண்டும் என்று குறிப்பிடுகிறேன்.

எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று சொல்ல மாட்டேன். வாலின் கடைசி நுனி, கணையத்தின் நிறத்திலேயே இருக்கும் கட்டி, கணையத்திலிருந்து காம்பு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும் கட்டி ஆகியவை தப்பலாம். பார்ப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். எங்கள் எண்டோஸ்கோப்பி மருத்துவர் உடலிலும் வாலிலும் ஒன்றும் இல்லை என்றதும் குழாயை வெளியே எடுத்திருந்தால் இந்தக் கட்டி தப்பியிருக்கும். ரத்தப் பரிசோதனை உறுதியாக இருந்தால், ஒரு தடவை தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுசெய்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

பதினான்கு மாதம் கழித்து

எடை 8 கிலோ குறைந்திருக்கிறது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து விட்டோம். விடியற்காலைக் குழப்பம் ஒருநாள்கூட வரவில்லை. சின்னச் சின்ன மறதி மட்டும் இருக்கிறது, வைத்த இடம் மறந்துபோகிறது என்கிறார். அத்தனை முறை சர்க்கரை இறங்கியதன் விளைவாக இருக்கலாம், முழுதாகச் சரியாகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அம்மாவைக் காவல் காப்பதற்காக ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்த மகள், பாளையங்கோட்டைக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த வருடக் கொடைக்கு முன்னால் அவர் ஒருமுறை வந்தார். விரதம் இருக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருங்கள், கூடவே குத்திப் பாருங்கள் என்றேன். கொடை அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பின்னால் வில்லுப்பாட்டுப் பந்தல், முன்னால் குளுக்கோமீட்டர், அதில் 82.